பாதி நாற்காலி

ஊரடங்கு தளர்ந்தது, உணவு விடுதி திறந்தது, உட்கார்ந்து உண்ணலாம் என்று உத்தரவும் பிறந்தது. 2021 ஜூலை 5, திங்கட்கிழமை. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அன்று ஓட்டல் மேசையில் மீண்டும் இலை விழுந்தது. தேநீர்க் கடையில் டம்ளர் ஒலித்தது. நாற்காலிகளில் பாதிக்குத்தான் ஆள். மறுபாதி காலியாக இருக்கவேண்டும் என்பது விதி. நோய் பரவாதிருக்க நல்ல விதி. அதிலே நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு அந்தக் காலி நாற்காலியைப் பற்றியது, தோழர்களே!

அந்த வாரத்தில் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சைக்கிள் மிதித்தோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பஸ் இல்லையா என்பீர்கள். ஜூன் 21 முதலே பஸ் ஓடியது. ஆனால், மே 10 முதல் ஆறு வாரம் அது நின்று கிடந்தபோது தொழிலாளியைச் சுமந்தது எது? திண்ணையோரம் துருவேறிக் கிடந்த சைக்கிள்தானே! பழகிய கால் அதை விடவில்லை.

அரசு மருத்துவமனையைக் கடக்கையில் மிதி தானே தளர்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் 13 உயிர்கள் அங்கே பிரிந்த செய்தி ஊர் நெஞ்சிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

வழியெல்லாம் கடை திறந்த மகிழ்ச்சி. கவிழ்த்துப் போட்ட பெஞ்சு நிமிர்ந்தது. கட்டிய கயிறு அவிழ்ந்தது. கடற்கரைச் சாலையிலோ வேறு வகைச் சைக்கிள்கள்! தலைக்கவசம், கையுறை, விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும் வண்டி. உடல்நலத்துக்காக மிதிக்கிறார்கள், மிதிக்கட்டும், பொறாமையில்லை. அவர்கள் வியர்வை சிந்தி வந்தவுடன் இட்லி கொடுக்க ஒருவன் நிற்கிறானே, அவனும் சைக்கிளில் வந்தவன்தான். வயிற்றுக்காக மிதித்து வந்தவன்.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அர்ச்சுனன் தபசு முன்னே நின்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவ்விருவரும் சந்தித்த ஊர் எது தெரியுமா? உகான்! மாமல்லபுரத்துச் சந்திப்பு முடிந்து மூன்று மாதம் ஆகுமுன் அதே உகானிலிருந்து கொள்ளைநோய்ச் செய்தி வந்தது. 2020 மார்ச் 17இல் சிற்பங்களைப் பூட்டினார்கள், டிசம்பரில் திறந்தார்கள், 2021 ஏப்ரலில் மறுபடி பூட்டினார்கள். பார்க்க வருவோர் இல்லையேல் கல் தட்டும் உளிக்கும் வேலையில்லை, தட்டு கழுவும் கைக்கும் வேலையில்லை.

பார்சல் விற்க அனுமதி இருந்ததே என்று சிலர் வாதாடினார்கள். இருந்தது. பார்சலுக்கு அடுப்படி போதும்; சரக்கு மாஸ்டரும் பொட்டலம் மடிக்கும் ஒருவரும் போதும். இலை போடவும், தண்ணீர் வைக்கவும், மேசை துடைக்கவும் ஆள் எதற்கு? எந்தக் கணக்கிலும் ஏறாமல் முதலில் வீட்டுக்குப் போனவர்கள் சர்வரும் கிளீனரும். முதலாளிகளின் நட்டம் செய்தித்தாளில் வந்தது. இவர்களின் பட்டினி எந்தப் பத்தியில் வந்தது?

மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ஓட்டல். எட்டு மேசை; நான்கில் ஆள்; நான்கு காலி. நாற்பது வயதுச் சர்வர் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார். “காலியாகத்தானே கிடக்கிறது, சற்று உட்காருங்களேன்” என்றோம்.

“கல்லாவிலிருந்து பார்ப்பாங்க, அண்ணே. வேலை போயிடும்.”

அறுபது நாள் வேலையின்றி இருந்தவர் சொன்ன சொல்! அரசு காலியாக வைக்கச் சொன்ன நாற்காலியில்கூட அவருக்கு இடமில்லை.

உட்காருவது சிறு செயலா? இந்த மண்ணுக்கு அது தெரியும். 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது இதே செங்கற்பட்டில். சாதிப் பட்டம் வேண்டாம், பிறப்பால் மேல்கீழ் வேண்டாம் என்று முழங்கியது. ஆயினும் இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம் என்றிருந்த கொடுமை ஒழிய 1941 வரை போராட வேண்டியிருந்தது. உண்பவன் யாரோடு உட்காருவது என்ற வழக்கை வென்றோம். பரிமாறுபவன் உட்காரலாமா என்ற வழக்கு மீதம் இருக்கிறது.

கடை ஊழியர் அனைவர்க்கும் இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் செய்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில், ஓட்டல்கள் திறந்த இரண்டே மாதத்தில், கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், உணவு விடுதித் தொழிலாளர்க்கென்றே 1958இல் பிறந்த தனிச் சட்டம் ஒன்று உண்டு. சர்வருக்கும் கிளீனருக்கும் நாற்காலி என்பதை அதிலும் ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள் என்கிறோம். எழுதியபின், முறையாகப் போய்ப் பார்க்கத் தொழிலாளர் துறை ஆய்வாளரை அனுப்புங்கள் என்கிறோம். ஏட்டிலே இருக்கும் நாற்காலியில் எவரும் உட்கார முடியாதல்லவா?

தோழர்களே! அடுத்த முறை ஓட்டலுக்குள் நுழையும்போது, சர்வர் உட்கார ஸ்டூல் எங்கே என்று கல்லாவில் கேளுங்கள். சர்வரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவர் வேலை போய்விடும். நீங்களே கேளுங்கள். கிடைத்த விடையைக் கிளைக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.