மாதம் 50 ரூபாய்: பிள்ளைகளின் துணையை வெட்டலாமா?

மாலை 5 மணி. தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல், முடிச்சூர் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். பல வீடுகளில் கதவு பூட்டியிருக்கும். அம்மாவுக்கு மெப்ஸ் கம்பெனியில் ஷிப்டு வேலை. மின்சார ரெயிலில் பட்டணம் போன அப்பா, திரும்ப இரவு ஆகும்.

அதுவரை பிள்ளைக்கு யார் துணை?

தெருவுக்கு ஓர் அக்கா

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி பிறந்தது. அதுதான் "இல்லம் தேடிக் கல்வி".

2020-ல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின. பிள்ளைகள் படித்ததை மறந்தார்கள். 2021 அக்டோபர் 27-ந் தேதி, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே தெருவில் வசிக்கும் படித்த இளைஞர்களும் பெண்களும், மாலையில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இது வெறும் பாடம் அல்ல. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால், தெருவில் இருக்கும் அக்காவுக்குத் தெரியும். வீட்டுக்கே போய்க் கேட்பாள். பள்ளியை விட்டு நிற்க இருந்த பிள்ளையும் திரும்ப வரும்.

கணக்கைப் பாருங்கள்

தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய்! எந்த டியூஷனில் இந்தப் பணத்துக்குச் சொல்லித் தருவார்கள்?

2022-23 பட்ஜெட்டில் இதற்கு ரூ.200 கோடி ஒதுக்கினார்கள். அப்போது சுமார் 30 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள்.

ஆபத்து எங்கே?

இது ஆறு மாதத் திட்டமாகத்தான் தொடங்கியது. பிறகு நீட்டினார்கள். அதன்பின் மையங்களைக் குறைத்தார்கள்.

2024-25-ல் இன்னொரு தொல்லை. பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தர வேண்டிய ரூ.2,152 கோடி வரவில்லை என்று மாநில அரசு சொன்னது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது.

பணம் குறைந்தால் எதில் கை வைப்பார்கள்? ஆசிரியர் சம்பளத்தை நிறுத்த முடியாது. கட்டிய கட்டிடத்தை இடிக்க முடியாது. கேட்க நாதியில்லாத ஊக்கத்தொகையைத்தான் முதலில் வெட்டத் தோன்றும்.

சோறு காட்டும் வழி

1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆட்சிகள் மாறின, பள்ளிச் சோறு நிற்கவில்லை. நிறுத்தினால் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா?

மாலைத் துணைக்கும் அந்த உறுதி வேண்டும்.

என்ன செய்யலாம்?

சட்டசபையில் பட்ஜெட் வாசித்த பிறகு, துறை துறையாக மானியக் கோரிக்கை வரும். எம்.எல்.ஏ.க்கள் பேசுவார்கள், ஓட்டுப் போடுவார்கள். பணம் முடிவாவது அங்கேதான். தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் எம்.எல்.ஏ.க்கள் அங்கே மூன்று கேட்க வேண்டும்:

பிள்ளைகளின் மாலைத் துணைக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும்.

ஊக்கத்தொகை மாதம் தவறாமல் கைக்கு வர வேண்டும்.

எந்த ஊரில் எத்தனை மையம், எத்தனை பிள்ளை என்ற கணக்கைச் சபையில் வைக்க வேண்டும்.

அவர்கள் கேட்க, முதலில் நாம் கேட்க வேண்டும். ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்தைவிடப் பெரிய சாட்சி எது?