கொட்டலசு சுரண்டிய கைகள்

"சகோதர நகரங்கள்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இரு மேயர்கள் கை குலுக்குவார்கள், கையொப்பமிடுவார்கள், பிறகு அந்தத் தாள் அலமாரியில் உறங்கும். என் எண்ணத்தை மாற்றியது ஒரு சின்னஞ்சிறு படகு.

2011 மார்ச் 11-இல் எழுந்த ஆழிப்பேரலை ஜப்பானின் ரிக்குசென்தக்காத்தா நகரைச் சீரழித்தது. அங்குள்ள தக்காத்தா உயர்நிலைப் பள்ளியின் 'கமோமே' என்ற படகையும் கொண்டுபோயிற்று. கமோமே என்றால் கடற்காகம். பெயருக்கேற்பப் பசிபிக்கைக் கடந்து, 2013 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் கரை ஒதுங்கியது!

அவ்வூருக்கும் அலையின் கொடுமை புதிதன்று. 1964-இல் அங்கே பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். 2011-இல் வந்த அதே அலை அவ்வூர்த் துறைமுகத்தையும் நொறுக்கியது. அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் யாரும் ஏவாமலே முன்வந்து, படகில் அப்பியிருந்த கொட்டலசுகளைச் சுரண்டித் துப்புரவு செய்தார்கள். அக்டோபரில் கமோமே வீடு திரும்பியது. நானாயிருந்தால்? கேட்பாரற்ற படகென்று விற்றுத்தான் இருப்பேன்.

"ஒப்பந்தமே வேண்டாமென்கிறாயா?" என்று நண்பர் கேட்கிறார். வேண்டும் ஐயா! ஆனால் அது பின்னால் வரட்டும். இரு பள்ளி மாணவரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வந்த பிறகு, 2018-இல்தான் அவ்வூர்கள் சகோதர நகரங்களாயின. மேயர்கள் அதுவரை பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள்.