நம் ஊர்ச் சரித்திரமும் நம் மாணாக்கரும்

சரித்திரம் என்றவுடன் நம் மாணாக்கர் பலர் கொட்டாவி விடுகின்றனர். அரசர் பெயரையும் ஆண்டையும் நெட்டுருச் செய்வதே சரித்திரமெனில் அவர்களை யாம் குறைகூறோம். தஞ்சைப் பெரிய கோயிற் சுவர் கூறுவதோ அதுவன்று. 1010-இல் அதனை நிறைவேற்றிய இராஜராஜன், தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டப் பணித்தான். ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும், பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் அளந்த 100 கலம் நெல்லும் அங்குள்ளன. நாவிதரும் தையற்காரரும் அக்கணக்கில் உளர்.

ஆயின் அதே சுவரின் ஊர்க்கணக்குகளில் பறைச்சேரி, வரி நீங்கிய நிலமாக மட்டுமே வருகின்றது. அங்கு வாழ்ந்தோர் பெயர் அக்கணக்கில் இல்லை. கல் விட்டதை யாவர் எழுதுவது? 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில், கூலியுயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசையில் எரியூட்டப்பட்டு மாண்டனர். அதுவும் இக்காவிரி நாட்டுச் சரித்திரமே. பழம்புண்ணைக் கிளறலாமோ என்பர் சிலர். மூடி மறைத்த புண் ஆறுவதில்லை என்பதே எம் கருத்து.

ஆதலின் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெரு முதியவர் ஒருவரிடமும், தாம் புழங்காத தெரு முதியவர் ஒருவரிடமும் நடவு, கூலி, வாய்க்கால் பற்றிக் கேட்டு எழுதி வருக. ஆசிரியர் அவற்றை ஒப்புநோக்குக, நூல்நிலையம் பேணுக. தன் பாட்டியின் நடவுக் கூலியும் சரித்திரமென்று அறிந்த இளைஞன் பின்னர்க் கொட்டாவி விடான்.