நாற்காலியின் ஜாதகம்

2007 ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஹவுஸ் மாளிகையிலிருந்து பழைய மரச்சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் லண்டன் ஏலத்துக்குக் கிளம்பிவிட்டன. கடைசி நேரத்தில் பேரம் படிந்தது. லாரிகள் வழியிலேயே திரும்பின. அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் தலைமையிலான குழு, வீடு, நிலம், சாமான்கள் எல்லாவற்றையும் சேர்த்து 4.5 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது. அதில் 2 கோடி கடன்!

நாற்காலி, மேஜைகளுக்காகவா இத்தனை பாடு? அவற்றில் பல, தாமஸ் சிப்பண்டேல் பட்டறையில் செய்தவை. அதைவிட முக்கியம், 1759-ல் மாளிகைக்காரர் அவரிடம் வாங்கியதற்கான பில்களும் பத்திரமாக இருந்தன.

சிப்பண்டேல் 1718-ல் யார்க்‌ஷயரின் ஓட்லி என்ற ஊரில் தச்சர் வீட்டில் பிறந்தவர். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை போட்டார். 1754-ல் தன் டிசைன்களைப் பெரிய படப் புத்தகமாக வெளியிட்டார். அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தச்சர்கள் அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள். அவரோ தன் சாமான்களில் பெயர் பொறிப்பதில்லை. விளைவு, இன்று ‘சிப்பண்டேல் நாற்காலி’ என்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அவர் கண்ணால்கூடப் பார்க்காதவை.

இன்னொரு வேடிக்கை. பந்தைப் பற்றிய பறவை நகம் போன்ற கால் இருந்தாலே சிப்பண்டேல் என்பார்கள். அவருடைய புத்தகத்தில் அந்தக் கால் ஒரு படத்தில்கூட இல்லை.

பில் இல்லாத நாற்காலியை என்ன செய்வது? தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதுதான். பாலிஷ் படாத அடிப்பக்கம் பொய் சொல்லாது. கை ரம்பம் அறுத்த தடம் நேர்கோடாக இருக்கும். வளைவு வளைவாக இருந்தால் வட்ட ரம்பம்; அது பரவலானது 19-ம் நூற்றாண்டில்தான்.

பெரிய தில்லுமுல்லு செதுக்கலில்தான். விக்டோரியா ராணி காலத்தில் பூ வேலைக்கு மவுசு கூடியது. எளிமையான பழைய நாற்காலிகளை எடுத்து, மேலே புதிதாக இலையும் கொடியும் செதுக்கி விலையை ஏற்றினார்கள். மரம் நிஜமாகவே பழசு. வேலைப்பாடு மட்டும் புதுசு. கண் ஏமாறலாம், கை ஏமாறாது. முதலிலேயே செதுக்கத் திட்டமிட்ட தச்சர், அந்த இடத்தில் மரத்தைத் தடிப்பாக விட்டிருப்பார். அதனால் இலை, காலின் மட்டத்தைத் தாண்டி மேலே எழுந்து நிற்கும். பிறகு செதுக்கியவருக்கு அந்த உபரி மரம் ஏது? இருந்ததையே குடைந்திருப்பார். இலை உள்ளே அமுங்கிக் கிடக்கும், சில சமயம் காலே மெலிந்திருக்கும். நல்ல நாற்காலியைக் கெடுத்த பாவம்தான் மிச்சம்.

செட்டாக வந்தால் இருக்கையையும் கழற்றிப் பார்ப்பார்கள். உள் சட்டத்தில் உளியால் ரோமன் எண்கள் வெட்டியிருக்கும், எந்த இருக்கை எந்த நாற்காலிக்கு என்று தெரிய. நாற்காலியில் மூன்று, இருக்கையில் ஐந்து என்று இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். எப்போதோ துணி மாற்றியவர்கள் மாற்றிப் பொருத்தியிருக்கலாம். ஐந்தாம் எண் நாற்காலியைத் தேடினால், மூன்றாம் இருக்கை அதில் உட்கார்ந்திருக்கும்.