தாதிமை தியாகமல்ல, படிப்பு

சென்ற தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். பார்த்துப் பல ஆண்டுகளாகிவிட்டதால் விசாரணை என்னிடமிருந்து தொடங்கியது.

“தம்பி என்ன படிக்கிற?”

“தாதிமை, பெரியம்மா. இரண்டாம் ஆண்டு.”

முறுக்குத் தட்டை நோக்கி நீண்ட கை ஒரு கணம் நின்றது. “ஏன்பா, மருத்துவம் கிடைக்கலையா?” என்றார். அம்மாவின் முகம் மாறியதைக் கவனித்துவிட்டு, “இதுவும் பெரிய புண்ணியம்தான். எல்லாராலயும் முடியாது. தியாகம் பண்ற மனசு வேணும்” என்று அவரே சமாளித்தார்.

தாதிமை படிக்கும் எல்லாருக்கும் இந்த இரண்டு வாக்கியங்களும் பழக்கமானவை. முதலாவது வலிக்கும். இரண்டாவது கொஞ்சம் மகிழ்ச்சி தரும். ஆனால், எங்களுக்கு அதிகத் தீங்கு செய்வது அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலாமாண்டில் என் முதல் மருத்துவமனைப் பயிற்சி. ஒரு முதியவருக்கு வழக்கமான காலைச் சோதனைகளைச் செய்தேன். உடல் வெப்பநிலை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இரத்தத்தில் உயிர்வாயு அளவு ஆகியவற்றைக் கருவிகளே காட்டிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும். மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அவசரம். அவர் அமைதியாகத்தான் படுத்திருந்தார். நிமிடத்துக்கு 18 என்று எழுதிவிட்டேன்.

என் வழிகாட்டித் தாதி தாளைப் பார்த்துவிட்டு, “எண்ணினாயா?” என்று கேட்டார். எண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஏனோ, “இல்லை, சிஸ்டர்” என்று வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. “இப்போது எண்ணலாம்” என்று பக்கத்தில் வந்து நின்றார்.

26.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். நோயாளியின் நிலை மோசமாகும்போது, மற்ற எண்கள் மாறுவதற்கு முன்பே மூச்சின் வேகம் கூடிவிடுவது உண்டு. சிஸ்டர் உடனே மருத்துவரை அழைத்தார். நுரையீரலில் கிருமித்தொற்று என்று தெரிந்து அன்றே சிகிச்சை தொடங்கியது. நான் எழுதிய 18 அப்படியே நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்றும் எனக்கு வரும்.

அந்தக் காலையில் தியாக மனம் எங்கே தேவைப்பட்டது? ஒரு நிமிடம் நின்று எண்ணுவது, 26 என்றால் என்ன பொருள் என்று தெரிந்திருப்பது, “நான் எண்ணவில்லை” என்று ஒத்துக்கொள்வது, இந்த மூன்றும்தான் தேவைப்பட்டன. மூன்றும் படித்தும் பழகியும் வருபவை.

தியாகம் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதியைச் சிங்கப்பூரில் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1885இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இங்கு பொது மருத்துவமனையில் தாதியராகப் பணியைத் தொடங்கினார்கள். அவர்கள் உண்மையிலேயே வாழ்க்கையை அர்ப்பணித்தவர்கள். அந்தப் படிமம் இன்றும் எங்களைத் தொடர்கிறது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கும் இதேதான் நேர்ந்தது. அவர் கையிலிருந்த விளக்கு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கிரைமியப் போரில் காயங்களால் இறந்த வீரர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்பதை அவர் 1858இல் வரைபடம் போட்டுக் காட்டினார். அதை யாரும் சொல்வதில்லை. அவர் ஒரு தேர்ந்த புள்ளியியலாளர்.

பாராட்டுத்தானே, இதில் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். தியாகிக்குச் சோர்வு வரக்கூடாது. சந்தேகம் வரக்கூடாது. அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாது. என் வகுப்புத் தோழி ஒருத்தி, பயிற்சியின் முதல் வாரத்திலேயே தான் கவனித்துக்கொண்ட நோயாளி இறந்ததைப் பார்த்தாள். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. “இதுக்கே அழுதா நான் எப்படித் தாதியாவேன்?” என்பது அவள் கேள்வி. அவள் வாயை அடைத்தது அந்தப் பாராட்டுதான்.

கனிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கனிவும் செயலில்தான் தெரியும். உடம்பு துடைப்பதற்கு முன் திரையை முழுதாக இழுத்துவிடுவது, தொடுவதற்கு முன் “தொடப் போகிறேன்” என்று சொல்வது எல்லாம் எங்களுக்குக் கற்றுத்தரப்படுகின்றன. பிறவியிலேயே கனிவானவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

தாதிமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். இதற்கு வாசல் ஒன்றல்ல. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கலாம். நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயம் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறலாம். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறவும் வழி உண்டு. முதுகலைப் பட்டம் பெற்று மேம்பட்ட நிலைத் தாதியானவர்களில் தனிப் பயிற்சி முடித்தோர், மருத்துவருடனான உடன்பாட்டின்கீழ் மருந்து எழுதித் தரவும் முடிகிறது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் தகுதியுள்ள தாதியர், 20 ஆண்டுகளில் $100,000 வரை ஊக்கத்தொகை பெறும் திட்டத்தை அரசாங்கம் 2024இல் அறிவித்தது. 2030 வாக்கில் சிங்கப்பூரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். நாட்டுக்குத் தாதியர் தேவை. தேவைப்படுபவர்கள் தங்கள் தேவைகளையும் பேசலாம்.

விண்ணப்பிப்பதற்கு முன், பணியில் இருக்கும் ஒரு தாதியிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். “எது உங்களை அழவைத்தது? பிறகும் ஏன் இருக்கிறீர்கள்?” என்ற இரண்டு கேள்விகள் போதும். முதியோர் நிலையத்தில் சில வாரம் தொண்டூழியம் செய்து பாருங்கள். அதன்பின் வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவுதான்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: எண்ணாததை எழுதாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மனத்தைப் பாதித்த நாளைப் பற்றி அன்றே யாரிடமாவது பேசுங்கள். இன்னொன்று, உங்கள் தமிழை வார்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அண்மையில் ஒரு பாட்டிக்கு அடிக்கடி “மயக்கம்” வந்தது. குறிப்பில் தலைசுற்றல் என்று ஒற்றைச் சொல்தான் இருந்தது. நம் வீடுகளில் மயக்கம் என்ற சொல் எத்தனை பொருளில் புழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

“தலை சுத்துதா பாட்டி, குமட்டுதா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?” என்று கேட்டேன்.

“எழுந்து நின்னாத்தான் இருட்டிக்கிட்டு வருது, டாக்டர் தம்பி.”

அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தத்தை அளந்தோம். நின்றதும் நன்றாக இறங்கியது. அவருடைய மருந்துகளை மருத்துவர் அன்றே மறுபரிசீலனை செய்தார். உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் நான் பெரிய கெட்டிக்காரன் இல்லை. அன்று எனக்கு உதவியது வீட்டில் பேசும் தமிழ்தான்.

“நான் டாக்டர் இல்ல பாட்டி, தாதி” என்றேன்.

“யாரா இருந்தா என்ன, விழாம புடிச்சுக்க” என்றார்.

இந்தத் தீபாவளிக்கும் பெரியம்மா வருவார். மருத்துவம் கிடைக்கலையா என்று மறுபடி கேட்டால் வருத்தப்பட மாட்டேன். “நான் இதைத்தான் கேட்டு வாங்கினேன், பெரியம்மா” என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இரத்த அழுத்த மாத்திரையை எப்போது போடுகிறார் என்று விசாரிக்கப்போகிறேன்.