கோழிக்கூட்டில் இருந்த கல்டெக்ஸ்

"இதெல்லாம் இப்ப என்ன விலை போகும்?"

களுவாஞ்சிக்குடியில் என் வீட்டு விறாந்தைக்கு வருகிறவர்கள் தேத்தண்ணீர் ஆறுவதற்கு முன்னமே இதைக் கேட்டுவிடுகிறார்கள். சுவரில் இருப்பதெல்லாம் பழைய பெற்றோல் செட் சாமான்கள்: எனாமல் பலகைகள், நீட்டு மூக்கு ஒயில் கான்கள், கலன் கணக்கில் அளந்த தகரக் குவளைகள், மண்ணெண்ணெய் இறைத்த கைப்பம்பு ஒன்று. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அக்கறையில்தான் கேட்கிறார்கள். மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்துப் பிழைத்த மனுசன், கடைசிக் காலத்தில் காசைக் கொண்டுபோய்த் துருவில் போடுகிறானே என்ற கவலை அவர்களுக்கு. "ஒரு துண்டுக் காணி வாங்கிப் போட்டிருந்தா..." என்று இழுப்பார்கள்.

காணி தேவையென்றால் காணி வாங்கலாம். சேமிப்பு தேவையென்றால் வங்கி இருக்கிறது, நகைக்கடை இருக்கிறது. ஒரு பலகை பத்து வருடத்தில் எவ்வளவு காசு தரும் என்று கணக்குப் பார்த்துத்தான் அதைச் சுவரில் மாட்டவேண்டுமென்றால் மாட்டாமலே விடலாம். இப்படிச் சொன்னால் வசதிக்காரன் பேச்சு என்பார்கள். நான் வசதிக்காரன் இல்லை. நாளைக்கு வீட்டில் அரிசி இல்லையென்றால் இந்தப் பலகைகளை வெட்கமில்லாமல் விற்பேன். விற்பதற்காக வாங்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

அமெரிக்காவில் இது பெரிய சந்தை. கண்ணாடி உருளைக்குள் பெற்றோல் ஏறுவது கண்ணுக்குத் தெரியும் பழைய பம்புகள், பம்பின் தலையில் விளக்காக எரிந்த கண்ணாடிக் கோளங்கள், பலகைகள் எல்லாம் அங்கே ஏலத்துக்கு வருகின்றன. அருமையாகக் கிடைக்கும் ஒரு பலகை புதுக் காரின் விலைக்குப் போவதுண்டு. 1885இல் ஃபோர்ட் வேன் என்ற அமெரிக்க ஊரில் சில்வானஸ் பவுசர் என்பவர் ஒரு கடைக்காரருக்கு மண்ணெண்ணெய்ப் பம்பு செய்து விற்றார். எங்கள் செட்டுகளுக்கு எண்ணெய் கொண்டுவருகிற 'பவுசர்' லொறிக்கு இன்றைக்கும் அந்த மனுசனின் பெயர்தான். வரலாறு நீளமானது, காசுள்ளவர்கள் நிறையப் பேர், சந்தை இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக் கரையில் அப்படி ஒன்றும் இல்லை. இல்லாதது நல்லதென்றே நினைக்கிறேன்.

இந்தச் சாமான்கள் எங்கள் பக்கம் அருகிப்போனதற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. ஒரு காலத்தில் இலங்கையின் எண்ணெய் வியாபாரம் ஷெல், எஸோ, கல்டெக்ஸ் ஆகிய மூன்று வெளிநாட்டுக் கம்பனிகளின் கையில் இருந்தது. சிறிமாவோ அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த டி. பி. இலங்கரத்ன முன்னின்று 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். சோவியத் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. 1962இல் கம்பனிகளின் சொத்தில் ஒரு பகுதியைக் கூட்டுத்தாபனம் எடுத்துக்கொண்டது. நட்டஈட்டில் இழுபறிப்பட்டு, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியையே நிறுத்தியது. 1964 தொடக்கத்திலிருந்து விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்துக்கு வந்தது. நட்டஈட்டுக் கணக்கு தீர்ந்தது 1965இல், டட்லி சேனநாயக்கவின் ஆட்சி வந்த பிறகு.

அப்பா அந்தக் காலத்தில் மட்டக்களப்பு - கல்முனை வீதியில் ஒரு செட்டில் கணக்கெழுதியவர். பழைய பலகையைக் கழற்றி இறக்கிய நாளை அவர் பெரிய சம்பவமாகச் சொல்வதில்லை. ஏணி பிடித்தாராம், அவ்வளவுதான். இறக்கிய பலகை எங்கே போனது என்று கேட்டால் சிரிப்பார். "ஊருக்குள்ளதான் போச்சு."

ஊருக்குள்தான் போயிருக்கிறது. இந்தப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக் காற்றில் சாதாரணத் தகரம் சில மாரிக்குள் சல்லடையாகிவிடும். எனாமல் பலகை அப்படியில்லை. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி எண்ணூறு பாகை செல்சியஸ் அளவில் சுட்டு எடுத்தது அது. மேற்பூச்சு உடையாதவரை காற்றும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. எங்கள் சனம் இதை உடனே கண்டுகொண்டது. பலகைகள் கோழிக்கூட்டுக்குக் கதவாகின, அடுப்படிக்கு மறைப்பாகின, கிணற்றுக்கு மூடியாகின. வாஷிங்டன் வரை போன ஒரு சண்டையின் மிச்சத்தை இங்கே கோழிகள் கொத்திக்கொண்டு நின்றன.

இது எங்களுடைய கெட்டித்தனம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஷெல் கம்பனியைப் பின்னாளில் தொடங்கிய மார்கஸ் சாமுவேல் 1892இல் 'மியூரெக்ஸ்' என்ற கப்பலைச் சுயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். எண்ணெயைத் தகரப் பேணிகளில் அடைக்காமல் கப்பலின் தாங்கியிலேயே கொண்டுவந்தால் செலவு குறையும் என்பது அவர் கணக்கு. வாங்குகிற சனம் பாத்திரத்தோடு வரும் என்று நினைத்தார். சனம் வரவில்லை. அவர்களுக்கு எண்ணெயோடு தகரமும் வேண்டியிருந்தது. போட்டிக் கம்பனியின் நீலத் தகரம் கூரையாகவும் கூண்டாகவும் மாறிக்கொண்டிருந்த ஆசியாவில், சாமுவேலும் கடைசியில் சிவப்புத் தகரம் அடிக்கவேண்டி வந்தது. இன்னொரு சங்கதி. இந்தச் சாமுவேலின் தகப்பன் லண்டனில் விற்றது கடற்சிப்பிகளும் சிப்பி ஒட்டிய அலங்காரப் பெட்டிகளும். கம்பனிக்குச் சிப்பிப் பெயர் வந்த வழி அது. உலகத்தின் பெரிய எண்ணெய் வியாபாரங்களில் ஒன்று, ஒன்றுக்கும் உதவாத அழகுச் சாமான் விற்ற கடையிலிருந்து புறப்பட்டிருக்கிறது. விறாந்தையில் என்னைக் கேலி செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பேன்.

என்னிடமுள்ள கல்டெக்ஸ் பலகை மகிளூரில் ஒரு பெத்தாவின் கோழிக்கூட்டில் இருந்தது. வெள்ளைப் பூச்சில் சிவப்பு நட்சத்திரம். வலதுபக்கம் பிணைச்சலுக்காக ஆணியால் அடித்த துளைகள். இடதுபக்கம் கொக்கி உராய்ந்து உராய்ந்து அரைவட்டமாக ஒரு தேய்மானம். கீழே கோழி கொத்திய இடங்களில் எனாமல் சிறு சிறு பொட்டாகப் பெயர்ந்து, உள்ளேயிருக்கும் கறுத்த அடிப்பூச்சு தெரிந்தது. எழுத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் மேடு தட்டும். நிறத்துக்கு நிறம் தனித்தனியாகப் பூசிச் சுட்ட வேலை அது.

"பெத்தா, இதத் தாறீங்களா? புதுத் தகரம் அடிச்சுத் தாறன்" என்றேன்.

"தகரம் எத்தின மாரிக்கு மனே நிக்கும்? இது எங்கட மனுசன் அடிச்ச கதவு. மறுகா வா பாப்பம்."

மறுபடி போனேன். தகரத்தை அவர் ஏற்கவில்லை. மரப்பலகையால் நல்ல கதவொன்று செய்து, பிணைச்சலும் பூட்டிக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் இணங்கினார். கழற்றும்போது தன் மனுசன் எந்த வருடம் எங்கிருந்து அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார், 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை போய்க் கூடு மட்டும் எப்படித் தப்பியது என்று கதை கதையாகச் சொன்னார். விலை பேசியிருந்தால் அந்தக் கதை வந்திராது. காசு கைமாறியிருந்தால் அவர் எண்ணிப் பார்த்து மடியில் வைத்திருப்பார், நான் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். ஹோட்டல்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பழைய சாமான் பிடித்துக் கொடுக்கிறவர். கல்டெக்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிணைச்சல் துளைகளைப் பார்த்ததும் சுருங்கியது. "இது இல்லாட்டி நல்ல விலை தந்திருப்பன், அண்ணன். புட்டி வச்சு அடைச்சு, மேலால பெயின்ட் அடிச்சா தெரியாது" என்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை, தொழில் தெரிந்தவர். ஆனால் அவருக்குக் குறையாகத் தெரிந்ததுதான் எனக்குப் பலகையின் பாதி. அறுபது வருடத்தில் ஒருசில வருடம்தான் அது விளம்பரமாக இருந்திருக்கும். மிச்சக் காலமெல்லாம் கதவு. அந்தத் துளைகளைப் புட்டியால் அடைத்துவிட்டால் பெத்தாவின் மனுசனை எங்கே தேடுவது?

விலை உள்ளே வந்தவுடன் நடக்கிற அடுத்த காரியம் கள்ளச் சரக்கு. தமிழ்நாட்டில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் மரத்தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் சட்டி, பழைய விளம்பரப் பலகை என்று கடைக்குக் கடை குவிந்து கிடக்கும். பார்க்கவே ஒரு நாள் போதாது. புதிதாக அடித்துப் பழசாக்கிய பலகைகளும் இப்போது எல்லா இடத்துச் சந்தைகளிலும் புழங்குகின்றன. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துருவேற்றுவார்கள். உப்புத் தண்ணீருக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை, களுவாஞ்சிக்குடிக் கடற்கரையில் ஒரு தொழிற்சாலையே போடலாம். அசலா என்று அறிய, பலகையை மாட்டுகிற துளையைப் பாருங்கள். பழைய கம்பனி வேலையில் துளை போட்ட பிறகுதான் எனாமல் ஏறும், துளையின் உள்விளிம்பிலும் பூச்சு இருக்கும். முதலீடாக வாங்குகிறவனுக்கு இந்தச் சோதனை ஒரு பயம். அசலா, கள்ளமா, ஏமாந்துவிட்டேனா என்று ராத்திரியில் நித்திரை வராது. எனக்கு அது ஒரு விளையாட்டு. கள்ளமென்றால் சிரித்துவிட்டு கராச் வாசலில் மாட்டுவேன்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விலை இல்லாத சாமான் உருக்கப்படும். பழைய இரும்பு வாங்க வருகிற காக்கா ஒருவர் எனக்கு வெகுகாலப் பழக்கம். அவர் லொறியில் நிறுவையில் போன எத்தனையோ நல்ல பம்பு உடல்கள் உலைக்குப் போய்விட்டன. இப்போது பளபளப்பாக ஏதாவது கண்டால் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார். இரும்பு விலைக்குமேல் கொஞ்சம் கொடுக்கிறேன், அந்தக் கொஞ்சம்தான் சாமானைக் காப்பாற்றுகிறது. ஆகவே காசே வேண்டாம் என்று நான் சாமியார் பேச்சுப் பேசவில்லை. சாமானை மீட்க ஒரு விலை வேண்டும். மீட்ட பிறகு அந்த விலையை மறந்துவிடவேண்டும்.

சந்தையில் ஒருவரும் வாங்காத ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. மூடியில் ஊசியால் குத்திய சின்னப் பிளாஸ்டிக் மருந்துப் போத்தல், யாழ்ப்பாணத்திலிருந்து சிநேகிதர் ஒருவர் தந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அங்கே பெற்றோல் பொன்னாக இருந்தபோது மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்டின் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றாது. அதற்குத்தான் இந்தப் போத்தல். கார்பரேட்டர் வாயில் சில துளி பெற்றோலைப் பீச்சி, உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்வார்கள். கூடவே ஒரு ஜாம் போத்தல் விளக்கும் இருக்கிறது. அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சிறிது எண்ணெய், நூல்போலத் திரி. பிள்ளைகள் இந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தார்கள். அமெரிக்க ஏலத்தில் இவற்றுக்கு ஒரு சதமும் கிடைக்காது. விறாந்தைக்கு வருகிற என் வயதுக்காரர்கள் பலகைகளைத் தாண்டிவந்து இந்தப் போத்தலைத்தான் கையில் எடுக்கிறார்கள். எடுத்தவுடன் பேசத் தொடங்குகிறார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு எண்ணெய் கொண்டுபோன கதை, சோதனைச் சாவடியில் கானைத் திறந்து காட்டிய கதை, ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது. அவர்களுக்கு 2022 தெரியும். ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் லீற்றர் ஜூன் கடைசியில் 470 ஆன வருடம். கொடுக்கக் காசிருந்தாலும் எண்ணெய் இல்லை. இரவிரவாக வரிசையில் மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்தார்கள். களுதாவளையில் மிளகாய்க்கும் வெற்றிலைக்கும் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை, கடலுக்குப் போகிற படகு இயந்திரத்துக்கும் இல்லை. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. என் அட்டையை லமினேட் பண்ணிப் பலகைகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். செட்டில் கையால் எழுதித் தந்த வரிசை இலக்கத் துண்டும் அதோடு இருக்கிறது. "இது என்ன தாத்தா பழைய சாமானா?" என்று பேரன் கேட்டான். இன்னும் ஆகவில்லை, ஆகும் என்றேன். உங்கள் வீட்டில் அந்த அட்டை இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

சேர்த்து வைத்ததை என்ன செய்வது என்ற கேள்வியும் வருகிறது. பூட்டி வைக்கிற எண்ணம் எனக்கில்லை. கைப்பம்பைப் பிள்ளைகள் இறைத்துப் பார்க்கிறார்கள், தண்ணீர்தான் ஊற்றி வைத்திருக்கிறேன். ஒரு கலன் குவளையில் ஊற்றினால் நாலரை லீற்றர் கொஞ்சம் மிஞ்சி வரும் என்று அவர்களே அளந்து கண்டுபிடிக்கிறார்கள். அடிவாங்கினால் அடிவாங்கட்டும். ஏற்கனவே ஒரு ஒயில் கானின் மூக்கை வளைத்துவிட்டார்கள். முதலீடாக இருந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டை நடந்திருக்கும்.

பட்டிருப்புப் பாலம் தாண்டி வெள்ளாவெளிப் பக்கம் ஒரு வயற்காரரின் பம்பு அறைக்குக் கதவாக எஸோவின் முட்டை வடிவப் பலகையொன்று நிற்கிறது. நீல விளிம்பும் சிவப்பு எழுத்தும் இன்னும் மங்கவில்லை. கேட்டுப் பார்த்தேன்.

"பாக்கிறதெண்டா வந்து பாரு தம்பி. கழட்ட மட்டும் விடமாட்டன். மறுகா மாடு உள்ளுக்குப் போயிரும்" என்றார்.

சரியான பேச்சு. அங்கே அது வேலை செய்துகொண்டிருக்கிறது, என் சுவருக்கு வரவேண்டிய அவசியமில்லை. அவருடைய பம்புக்கு ஒரு காஸ்கட் தேவையாம். அடுத்த கிழமை எடுத்துக்கொண்டு போவேன். பலகையையும் ஒருக்காப் பார்த்துவிட்டு வரலாம்.