பெரியம்மா மறைத்த கடிதம்

பெரியம்மா கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். பெரியப்பா போன பிறகு அவளே விரும்பிப் போன இடம். தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாதக் கட்டணம் 18,000 ரூபாய். குடும்ப ஓய்வூதியத்தில் அதைக் கட்டியதுபோக மருந்துக்கும் கைச்செலவுக்கும் மீறும். அக்கா புனேயில், வாரம் ஒரு ஃபோன்.

போன தையில் பார்க்கப் போனேன். ஆள் பாதியாக இருந்தாள். மேஜையில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை. தேதியைப் பார்த்தால் தீர்ந்திருக்க வேண்டும். பாதி அப்படியே இருந்தது.

"என்ன பெரியம்மா இது?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா போதும்டி. பாலும் பழமும் நிறுத்திட்டேன். வயசானா பசி ஏது?"

விடாமல் கேட்டதில், தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஆங்கிலத்தில் அடித்த கடிதம். அடுத்த மாதத்திலிருந்து 20,500. குளிக்கக் கைகொடுக்க ஆள் வருவதால் உதவியாளர் கட்டணம் தனியாக 3,000. மாதம் 5,500 ரூபாய் கூடுதல்! "கையெழுத்துப் போடுங்க பாட்டின்னாங்க, போட்டேன். அவகிட்டே சொல்லிடாதே, பிள்ளைக்குக் காலேஜ் பணம் கட்டற சமயம்" என்றாள்.

ரத்த அழுத்த மாத்திரையை இப்படி நம் இஷ்டத்துக்குக் குறைத்தால், வெளியே ஒன்றும் தெரியாமலே அழுத்தம் ஏறிப் பக்கவாதத்தில் கொண்டுவிடலாம். மகளுக்கு ஒரு கடிதம் போயிருந்தால் இந்த ஆபத்தே வந்திருக்காது.

அலுவலகத்தில் கேட்டேன். "அம்மாதானே கையெழுத்துப் போட்டாங்க" என்றார் மேனேஜர். ஒப்பந்தத்தை எடுக்கச் சொன்னேன். 'நிர்வாகம் அவ்வப்போது தீர்மானிக்கும் கட்டணம்' என்று ஒரே வரி. எவ்வளவு உயரலாம், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், எதுவும் இல்லை. சேர்க்கும் அன்று நாங்களும் அறையின் ஜன்னலையும் காற்றையும்தான் பார்த்தோம், அதைப் படிக்கவில்லை!

கட்டணம் ஏறக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சமையற்காரர் சம்பளமும் கேஸும் காய்கறியும் நம் வீட்டிலேயே ஏறுகிறதே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறினால், 18,000 ஐந்து வருஷத்தில் 29,000-ஐத் தொடும். ஏழு வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஓடுமா?

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தனியார் இல்லங்களின் கட்டணத்துக்கு வரம்பு கட்டவில்லை. ஆகவே ஒப்பந்தம்தான் நமக்குப் பிடிமானம். உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு, குறைந்தது இரண்டு மாத முன்னறிவிப்பு, அது எழுத்தில் பெற்றவளுக்கும் மகன் அல்லது மகளுக்கும் வர வேண்டும் என்ற வரி, இவை சேர்க்கும் அன்றே அதில் ஏறட்டும். உதவியாளர் கட்டணம் எப்போது தொடங்கும், தேவை யார் சொல்லி முடிவாகும் என்பதையும் கேளுங்கள். உயர்வு பிடிக்காமல் வெளியேறினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை மறந்துவிடாதீர்கள். அநேகமாக அங்கேதான் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வழி உண்டு. ஒப்பந்தம் மிகவும் ஒருதலைப்பட்சமாக இருந்தால், 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். யோசனை கேட்க நுகர்வோர் உதவி எண் 1915, முதியோருக்கென்றே 14567.

எங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. அக்கா புனேயிலிருந்து எழுத்தில் கேட்டதும் உயர்வை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். உதவியாளர் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வருவதால் அந்தத் தொகை பாதியாயிற்று. இனி எந்தக் கடிதமும் அக்காவுக்கும் ஒரு நகல் போகும். மீதியை நானும் அக்காவும் பங்கு போட்டுக்கொண்டோம்.

பெரியம்மாவுக்கு என்மேல் கோபம்தான். "சொல்லாதேன்னேனே" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரையை மட்டும் தினமும் போடுகிறாள். அட்டையை வீடியோவில் காட்டச் சொல்லி அக்கா எண்ணிவிடுகிறாள்.